முந்தானையில் வாங்கிய முட்டிவலி

பாவுக்குடியில் வலி கையோடு கழன்று வர ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பழைய வீடியோ கடைக்கு மேல்மாடியில் மசாஜ் சென்டர் வைத்திருந்த ஜெபமணி, தறி ஓட்டுகிற மாடசாமியின் வலது தோளில் எண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தாள். தோலுக்கு அடியில் அங்குமிங்கும் நழுவி அவளுக்கு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்த முடிச்சு ஒன்று சட்டென்று வெளியே வந்து அவள் உள்ளங்கையில் கிடந்தது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடா போல இரண்டு பக்கமும் கூராக, தொட்டால் காய்ச்சல் சூடாக. மாடசாமி கையைத் தலைக்கு மேலே தூக்கினான், சுழற்றினான், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஆசைதீரச் சொறிந்துகொண்டான், சட்டையைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போய் டீ குடித்தான். ஜெபமணி அந்த வலியை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் படுக்கச் சொன்னாள்.

சாயங்காலம் வலி ஜன்னலைவிட்டு இறங்கியது. படிப்படியாக உருண்டு, கடைத்தெருவில் ஓரமாகவே போய், பஸ் ஸ்டாண்டு முக்கில் மினிபஸ் போகும்வரை நின்று, மார்க்கெட்டில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டிருந்த காளீஸ்வரியின் செருப்பைச் சுற்றிக்கொண்டு, நேராக மாடசாமி வீட்டுக்குள் நுழைந்து, சோற்றில் கை வைத்திருந்தவனின் தோளில் ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. "வீடு தெரிஞ்ச வலி போலிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீரைக்காரி அடுத்த கட்டைப் பிரித்தாள். காளீஸ்வரியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் போலீஸ் எழுத்துத் தேர்வு முடிவு வந்து அவள் தேறியிருந்தாள். இனி ஓட்டம் மட்டும்தான் பாக்கி என்ற நினைப்பிலேயே வீட்டுக்கு நடந்தாள்.

உலகத்தில் எங்கே யாருக்கு அடிபட்டாலும் சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணி பாவுக்குடியில் நெய்ததாக இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள்; அடித்துக்கொண்டே முட்டியைப் பிடித்தபடி உட்காருவார்கள். தறிக்கு முன்னால் நின்று நின்று ஆண்களுக்குக் குதிகாலும் முட்டியும், தாருக்கு நூல் சுற்றிச் சுற்றிப் பெண்களுக்குக் கழுத்தும் மணிக்கட்டும், துணியை மடித்து மடித்து எல்லாருக்கும் இடுப்பும் என்று ஊரே வலித்துக்கொண்டிருந்தது. அதனால் வலி கழன்று வருகிறது என்று தெரிந்ததும் அது ஏன் வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதை யார் வைத்துக்கொள்வது என்றுதான் கேட்டார்கள்.

ஜாடியில் போட்டு மூடிப் பார்த்தார்கள், மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. கண்மாயில் எறிந்தார்கள், நனைந்தபடி வந்தது. காளியம்மன் கோயில் உண்டியலில் போட்டவர்களும் உண்டு. அம்மன் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை, சாயங்காலப் பூசைக்குப் பூசாரி வந்தபோது உண்டியல் வாய் வழியாக ஒவ்வொன்றாகக் கீழே குதித்து அவரவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. வெற்றிலையில் பொதிந்து வைத்தால் மட்டும் அரை நாள் அசையாமல் கிடக்கும், இலை வாடினதும் புறப்பட்டுவிடும். ஆனால் இன்னொரு ஆள் உள்ளங்கையை நீட்டி, "நான் வச்சுக்கிடுறேன்" என்று வாங்கினால், அந்த ஆளுக்குள் அதே இடத்தில் போய் அடங்கிவிட்டது. போதும் என்று தோன்றினால் ஜெபமணியிடம் வந்து நீவி எடுத்துத் தரையில் விட வேண்டியதுதான், வலி தன் பழைய சொந்தக்காரரிடமே உருண்டு போய்விடும். இதற்கு ஊரில் 'பிடிக்கிறது' என்று பேர் வந்தது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் வேலை பார்த்த சங்கிலி என்பவன் தன் பெண்டாட்டியின் இடுப்பு வலியை ஒரு மத்தியானம் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் குடம் தூக்கினாய் என்று நடுவீட்டில் உட்கார்ந்து அழுதான். அவள் பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாக அன்றைக்குக் குப்புறப் படுத்துத் தூங்கினாள். மறுநாள் அவள் மறுபடி கூப்பிட்டபோது அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அழுததே போதும் என்று நினைத்திருப்பான்.

கொஞ்ச நாளில் தண்ணீர் மாதிரி வலியும் பள்ளத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. முதலாளிகளின் கழுத்து வலியை அவர்கள் தறியில் நிற்கிறவர்கள் பிடித்தார்கள், மாமனார்களின் இடுப்பு வலியை மருமகள்கள் பிடித்தார்கள், மேலத்தெருவின் வலியெல்லாம் வெற்றிலையில் மடித்துக் காலனிக்குப் போயிற்று. ஜெபமணியின் மாடிப்படியில் வெள்ளை வேட்டி கட்டினவர்கள் நிமிர்ந்து இறங்க, பின்னாலேயே யாராவது ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பெண் பார்க்கப் போகிறவர்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளை என்னென்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். யாராவது ஜெபமணியிடம் நியாயம் கேட்டால், "நான் மூணு மாசம் கோர்ஸ் படிச்சவ. உருவத் தெரியும், நீவத் தெரியும். எடுத்தது எங்க போகுதுன்னு பாக்கிறது என் வேலை இல்ல" என்பாள். ஊரையெல்லாம் உருவி உருவி அவளுக்கும் விரலில் வலி உண்டு. அதை அவள் தங்கை பிடித்துக்கொண்டிருந்தாள்.

காளீஸ்வரி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளைப் பெற்ற அய்யம்மாள் தீப்பெட்டி ஆபீசில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள். தன்னைப் போல மகளும் உட்கார்ந்தே தேய்ந்துவிடக் கூடாது என்று அவளைப் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயங்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தாள். கல்யாணப் பேச்சிலேயே போலீஸ் வேலைக்கு எழுதுவாள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சோலைராஜும் எழுதட்டுமே என்று தலையாட்டியிருந்தான். விடிகிற நேரத்தில் புருஷனின் பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு ஹைஸ்கூல் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, வந்து தார் சுற்றி, சோறு பொங்கி, மறுபடி தார் சுற்றுவாள். அந்த வீட்டில் தறி மாமனாருடையது, அடுப்படி மாமியாருடையது, பீரோச் சாவி புருஷனுடையது. அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்த இரண்டு முட்டிகள்தான்.

மாமியார் குருவம்மாளுக்கு முட்டி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. குழித்தறி மிதித்த காலத்தில் போனது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள், வாசலில் கோலம் போடுவதை எப்போதோ விட்டுவிட்டாள், காலை நீட்டினால் மடக்க முடியாது, மடக்கினால் நீட்ட முடியாது. அவள் வலி பொய் வலி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த முட்டியோடுதான் மகள் நாகஜோதிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்தாள். பாவுக்குடியில் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினால் அழைத்ததாக ஆகாது, போனில் சொன்னால் அழைத்ததாக ஆகாது. பெண்ணைப் பெற்றவள் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வீடு வீடாக நடந்து, ஒவ்வொருத்தர் கையிலும் பாக்கு வைத்து, வாயால் வாங்க என்று சொல்ல வேண்டும். பாக்கு வைக்காத வீட்டுக்காரர்கள் கல்யாண நாளில் மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, தங்களுக்குப் பாக்கு வைக்காததை ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குருவம்மாள் ஜெபமணியிடம் போய்விட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கி, தூணைப் பிடிக்காமல், வாசற்படியில் கால் மாற்றிக் கால் வைத்து ஏறினாள்.

"ஈஸ்வரி, தலைக்கு ஊத்திட்டு ஒரு சேலையக் கட்டிக்கிட்டு வா தாயி" என்றாள்.

வீட்டில் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக இருக்கிற காளீஸ்வரி, எதற்கு என்று கேட்காமல் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. தாம்பாளத்தில் மஞ்சளும் பாக்கும் கனகாம்பரமும், நடுவில் வெற்றிலையில் பொதிந்த ஒரு உருண்டையும் இருந்தன.

"கல்யாணம் முடியற வரைக்கும்தான்" என்றாள் குருவம்மாள். "பாக்கு வச்சு, பொண்ண அனுப்பி வச்சிட்டன்னா நான் வாங்கிக்கிடுறேன். உன் ஓட்டம் ஆடியிலதான?"

"ஆமா அத்தை."

"பெறகென்ன. அதுக்குள்ள குடுத்து வாங்கிறலாம். உன் வீட்டுக்காரன்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டான்."

கையை நீட்டியிருந்தால் போதும். ஆனால் பெரியவர்கள் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதை வெறுங்கையால் வாங்கக் கூடாது என்று அய்யம்மாள் அவளைச் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். அந்த வளர்ப்பு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. காளீஸ்வரி மண்டியிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, விழுந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வெற்றிலை மட்டும் மடியில் மிச்சமிருந்தது. எழுந்திருக்கும்போது கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

குருவம்மாள் பாவுக்குடி முழுக்க நடந்தாள். ஒரு தெரு விடாமல், ஒரு மாடி விடாமல், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் ஏறிப்போய்ப் பாக்கு வைத்தாள். கல்யாணப் பெண் யார், பெண்ணைப் பெற்றவள் யார் என்று தெரியவில்லையே என்று ஊர்ப் பெண்கள் கேலி பண்ணினார்கள், அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தாள். கல்யாணத்தன்று விடியும் முன்னால் எழுந்து வாசலில் குந்தி உட்கார்ந்து தெருவை அடைத்துக் கோலம் போட்டாள். வலியை வாங்கி வைத்திருந்த காளீஸ்வரிக்கு அதைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குப் பந்தியில் குனிந்து நிமிர்ந்து பரிமாறும்போது உதட்டைக் கடித்துக் கடித்து அவள் வாயில் ரத்தக் கரிப்பு வந்துவிட்டது. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து ஒருவழியாக எல்லாரும் ஜெபமணியிடம் போனார்கள். குருவம்மாள் ஜன்னலோர நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சோலைராஜ் வாசலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஜெபமணி காளீஸ்வரியின் முட்டிச் சில்லைச் சுற்றி எண்ணெய் விட்டு, கட்டைவிரல் இரண்டாலும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று வெகுநேரம் நீவி வலியை வெளியே எடுத்தாள். எடுத்துத் தரையில் விட்டாள். அது கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நாற்காலிப் பக்கம் ஒரு முழம் போயிற்று. குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அது திரும்பி, பாயைச் சுற்றிக்கொண்டு வந்து, காளீஸ்வரியின் கணுக்காலைத் தொட்டு ஏறி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு முட்டியிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

"எப்படி வாங்குன இத?" என்றாள் ஜெபமணி.

"தட்டுல வச்சுக் குடுத்தாக. முந்தானையில வாங்குனேன்."

"அட என்ன பிள்ளை நீ! கைல வாங்குனா கைமாத்து. தட்டுல வச்சுக் குடுத்து முந்தானையில வாங்குனா அது சீருல்லா? உன்னோடது ஆயிப்போச்சே." ஜெபமணி விரல் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே குருவம்மாளைப் பார்த்தாள். "இனி அவுக முந்தானைய விரிச்சு உங்கிட்ட வாங்குனாத்தான் உண்டு."

குருவம்மாள் நாற்காலியிலிருந்து ஒரே வீச்சில் எழுந்தாள். "மருமக முன்னால நான் மடியேந்தணுமா? எங்கயாவது உண்டுமா இந்தக் கூத்து?"

"அத்தை, நீங்கதான சேலை கட்டிட்டு வான்னு சொன்னீக" என்றாள் காளீஸ்வரி.

"விளக்குக்கு முன்னால நைட்டியோட நிப்பியா? நல்லதுக்குச் சொன்னா குத்தமா? நானா உன் முந்தானைய விரிச்சேன், நீயாத்தான விரிச்ச?"

இந்தக் கதை அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. தறி சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினார்கள், டீக்கடையில் பேசினார்கள், தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். பாவம் அந்தப் பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்காக மாமியார்க்காரி மருமகளிடம் மடியேந்த முடியுமா என்றும் எல்லாரும் சொன்னார்கள். அதோடு நிற்கவுமில்லை. தட்டில் வைத்துக் கொடுத்தால் வலி திரும்பி வராது என்ற சேதி தெரிந்த வாரத்தில் பாவுக்குடிக் கடைகளில் வெற்றிலை தீர்ந்துபோயிற்று. எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றி, மருமகள்களைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். நாகஜோதி புருஷன் வீட்டிலிருந்து போன் பண்ணி, "மயினி, நான் அம்மாகிட்டச் சொல்றேன்" என்றாள். புதுப்பெண், அவளுக்கு ஆயிரம் வேலை, மறந்துபோனாள்.

காளீஸ்வரி மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தாள், பாதிச் சுற்றிலேயே முட்டி மடங்கிப் புழுதியில் விழுந்தாள். கோபத்தில் மண்ணை அள்ளி வேலிமேல் எறிந்தாள். வீட்டுக்கு வந்து, தறிக்கு முன்னால் நின்ற புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, உங்க துண்டுல வாங்கிக்கிடுங்களேன். ஓட்டம் முடிஞ்ச அன்னைக்கே நான் உங்ககிட்ட இருந்து முந்தானையில திருப்பி வாங்கிக்கிடுறேன்."

சோலைராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தான். உதறினான். மறு தோளில் போட்டுக்கொண்டான். "நான் தறில நிக்கணும்ல ஈஸ்வரி. அடுத்த வருசமும் ஆள் எடுக்கத்தான செய்வாங்க" என்று சொல்லிவிட்டு அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

விஷயம் தெரிந்து அய்யம்மாள் பஸ் ஏறி வந்தாள். பஸ் படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கி, பாவுக்குடி வெயிலில் நின்று நின்று நடந்து வந்தவள், மகள் வீட்டு வாசலில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வந்த காலோடு முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"போடு."

"எம்மா, பேசாம உள்ள வா."

"போடுங்கறேன். நான்தான முந்தானையில வாங்கணும்னு சொல்லிக் குடுத்தேன். தப்பு என்னுது, வலியும் என்னுதா இருக்கட்டும். உக்காந்து பெட்டி ஒட்டறவளுக்கு முட்டி எதுக்குடி?"

அய்யம்மாளின் முட்டிகள் இரண்டும் அவள் சேலைக்கு மேலாகவே வீங்கித் தெரிந்தன. காளீஸ்வரி அம்மாவின் முந்தானையை வாங்கி, சுருக்கம் சுருக்கமாக மடித்து, இடுப்பில் செருகிவிட்டாள். ஒரு வாய் சோறு போட்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்து ஏற்றிக்கொண்ட அம்மாவைப் பார்த்தபடி நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது: பெற்றவள் முந்தானையை விரிப்பதற்கு முன்னால் யோசிப்பதில்லை. புரிந்தது நல்ல நினைப்பாகத்தான் முளைத்தது. பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் அது வேறு நினைப்பாகிவிட்டது.

ஆடி பிறந்து நாகஜோதியை அழைத்து வந்தார்கள். மறுநாள் காளீஸ்வரிக்கு ஓட்டம், மாவட்டத் தலைநகரத்து மைதானத்தில். அதை அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அழைத்து வந்த அன்று காலையிலேயே அவள் ஜெபமணியிடம் போய், வலியை எடுத்து வெற்றிலையில் பொதிந்து தரச் சொன்னாள்.

"யாருக்கு?" என்றாள் ஜெபமணி.

"எங்க வீட்டுக்குத்தான்" என்றாள் காளீஸ்வரி. ஜெபமணி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பது அவள் வேலை இல்லை.

ஆடிக்கு வந்த பெண்ணுக்கு அண்ணன் பெண்டாட்டி தட்டெடுத்துக் கொடுப்பது பாவுக்குடி வழக்கம். முன்னறையில் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காளீஸ்வரி தாம்பாளத்தில் பட்டுச்சேலையை வைத்தாள், பழம் வைத்தாள், பூ வைத்தாள், மஞ்சள் வைத்தாள், எல்லாவற்றுக்கும் முன்னால் விளிம்போரமாக அந்த வெற்றிலைப் பொதியை வைத்தாள். முட்டியில் வலி இல்லாமல் நடப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. நடுவீட்டைக் கடக்கும்போது கால்கள் அவளைக் கேட்காமல் முன்னால் முன்னால் போயின. மயில்நீலப் பட்டில் நாகஜோதி எதிரே வந்து நின்றாள்.

"மயினி, ரொம்ப எளச்சுப் போயிட்டீங்களே" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே அவள் மண்டியிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். குனிந்த தலை, வகிட்டில் குங்குமம், விரித்த கையில் இன்னும் அழியாத மருதாணி. அவளையும் யாரோ சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். காளீஸ்வரிக்குள் வேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது, அது அவள் குரல்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தட்டைச் சாய்க்க ஆரம்பித்தாள்.

அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த குருவம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தாள். தட்டு விளிம்பில் பச்சை வெற்றிலை சூட்டில் கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தது. அது என்னவென்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஓடினாள். கரண்டியை எறிந்துவிட்டு, அம்மியைத் தாண்டி, நிலையில் தோள் இடித்துக்கொண்டு, ஜமக்காளத்தில் நீட்டியிருந்த சம்பந்தியின் காலைத் தாண்டி ஓடிவந்து, மகளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் இருந்த இடத்தில் தான் மண்டியிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு அப்பின முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"எனக்குப் போடு தாயி. எனக்குப் போட்டுரு. அவ சின்னப் பிள்ளை."

"நானும் சின்னப் பிள்ளைதான் அத்தை" என்றாள் காளீஸ்வரி. சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தட்டைச் சாய்த்தாள்.

வலி தன் பழைய வீட்டுக்குப் போகத் தயங்கவே இல்லை. குருவம்மாள் மண்டியிட்ட இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்தாள். மகன் ஓடிவந்து ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். நாகஜோதி சுவரோரமாக முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மயினியை முன்பின் பார்த்திராதவள் போலப் பார்த்தாள். காளீஸ்வரி தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய், சேலையை அவிழ்த்துப் போட்டுச் சுடிதாரை மாட்டிக்கொண்டு, பையை எடுத்தாள். அவள் போகும்போது யாரும் தடுக்கவில்லை. அடுப்படியில் அப்பளம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் மைதானத்தில் விசில் ஊதினார்கள். காளீஸ்வரி ஓடினாள். முட்டிகள் இரண்டும் அவளுடையவை, முழுக்க முழுக்க அவளுடையவை, எண்ணெய் போட்ட தறி மாதிரி ஓடின. ஆனால் சுற்று முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால் குருவம்மாள்தான் ஓடிக்கொண்டிருந்தாள், கரண்டியை எறிந்துவிட்டு, அம்மியைத் தாண்டி, சம்பந்தி காலைத் தாண்டி. அப்படி ஓட முடிகிற மனுஷிதான் இத்தனை நாளும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்காக எழுந்திருக்கக்கூட வேண்டாம், முந்தானை நுனியை விரித்திருந்தால் போதுமே என்று நினைத்தபோது வந்த ஆத்திரத்தில் காளீஸ்வரி முன்னால் ஓடினவளை முந்தினாள், அதற்கு முன்னால் ஓடினவளையும் முந்தினாள், கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் ஓடினாள்.

தேறிவிட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அய்யம்மாளுக்குப் போன் போட்டாள்.

"முட்டி வலிக்கலையே?" என்றுதான் அய்யம்மாள் முதலில் கேட்டாள்.

"இல்லம்மா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அய்யம்மாள் நினைத்துக்கொண்டாள். குருவம்மாள் மட்டும் தலை நிமிராமல் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருந்தால், அந்த மருதாணிக் கைகளுக்கு நடுவில் அதைப் போட்டுவிட்டுத்தான் இன்றைக்கு ஓடியிருப்பேன் என்பதைக் காளீஸ்வரி அம்மாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அது அவளோடேயே இருந்தது, அதை எடுத்துத் தரையில் விட ஜெபமணிக்கும் தெரியாது.

பாவுக்குடியில் முதல் தட்டைப் பற்றிப் பேசினவர்கள் எல்லாரும் அதோடு அதை மறந்துவிட்டு, இரண்டாவது தட்டைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தார்கள். மாமியாரை மடியேந்த வைத்தவள் என்று அவளுக்குப் பேர் ஆயிற்று. பயிற்சி முடிந்து காக்கி உடுப்பில் அவள் பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்கு வந்த பிறகும் அதே பேர்தான். அதற்கெல்லாம் முன்னால், அந்த ஆவணியிலேயே, காளியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், ரொம்ப நேரம் பேசினார்கள். வலியைத் தட்டில் வைத்துக் கொடுக்கலாமா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. இனிமேல் சீர்த் தட்டை மருமகள் கையில் கொடுப்பதில்லை என்று மட்டும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டு எழுந்தார்கள். சம்மணம் போட்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும், எழும்போது ஒருத்தருக்கும் முட்டி வலிக்கவில்லை.